தட்டக் கூடாத பீப்பாய்

அத்தியாயம் 9

நாலு மணிக்குப் போலீஸ் ஜீப் வரும் என்று சார்ஜென்ட் பாக்டி காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது மணி இரண்டேகால். எத்தெல்கா சித்தி அடுப்படியில் நின்று போகாச்சா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தன்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறவர் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாதாம்.

கெதெயோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஷ்கோல்ஸ் நகரத்தில் துப்பறியும் போர்பாலாவிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கள்ளச் சாவி, கள்ளக் கையெழுத்து, கள்ளக் காதல் என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. எதிலும் அவன் வாய் ஓய்ந்ததில்லை. இன்றைக்குத்தான், பிறந்த ஊரான மாத் கிராமத்துக்கு முதலாளியம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்து, சொந்தச் சித்தியின் முன்னால் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றான்.

"சித்தி, ஒரே ஒரு பதில் சொல்லு. அந்தப் பீப்பாய் எப்படிக் காலியாச்சு?"

"நான் எடுக்கலடா."

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். யாரு எடுத்தாங்க?"

சித்தி மாவைத் திருப்பிப் போட்டுக் குத்தினாள். மூன்று நாளாக அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு பதில்தான். செரென்ச் போலீஸ் ஸ்டேஷனில் இதைச் சொன்னால் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் திருடி என்று பெயர் எடுத்துவிட்டு இந்த ஊருக்குத் திரும்பி வரவும் முடியாது.

நடந்தது இதுதான். லோராந்த் பெரியவரின் நிலவறையில் ஆறு பீப்பாய் அசூ ஒயின் இருக்கிறது என்பது ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எழுபத்திரண்டாம் வருஷத்துச் சரக்கு. அந்த வருஷம் ஆற்றுப் பனியும் அக்டோபர் வெயிலும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி மாறி மாறி வந்தன. கொடியிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையைப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சேர்த்தார்கள். அதிலிருந்து பிறந்து இருபத்திரண்டு வருஷம் இருட்டில் தூங்கிய ஒயின். மாத்தில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிய வேண்டுமானால் அவருடைய பீப்பாய்களைப் பார்ப்பார்கள். லோராந்துக்கு எதிரே வருகிறவன் பத்தடி முன்னாலேயே தொப்பியைக் கழற்றுவான்.

ஆட்சி மாறியதிலிருந்து தொக்காய் மலையடிவாரம் முழுக்க வெளிநாட்டு வியாபாரிகள் ஈயாக மொய்க்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அவர்களில் ஒருவர் தெருவிலிருந்த நிலவறைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் செய்வதுபோல் லோராந்த் அவருக்கும் படியை ஒட்டியிருந்த முதல் பீப்பாயிலிருந்து விரற்கடை அளவு ஊற்றிக் கொடுத்தார். விருந்தாளி என்று வந்தால் கொடுத்ததைக் குடித்து, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டு, நன்றி சொல்லிவிட்டுப் படியேற வேண்டும். இந்த மனுஷனுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. விறுவிறுவென்று கோடிக்கு நடந்து, ஆறாவது பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கி, கண்ணாடிக் குழலை உள்ளே விட்டு உறிஞ்சினார். குழல் காய்ந்தபடியே வெளியே வந்தது. கூடவே வந்த நெடியில் அவர் இருமி இருமிக் கண் சிவந்தார்.

லோராந்த் "திருட்டு" என்றார். மொழிபெயர்க்க வந்த பெண் அடுத்த நிமிஷமே போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். நிலவறைக்குச் சாவி இரண்டு. ஒன்று லோராந்திடம். இன்னொன்று, முப்பது வருஷமாக நிலவறையைப் பராமரிக்கும் எத்தெல்காவிடம். அதற்கு மேல் பாக்டிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

போர்பாலா ஜன்னலோரம் ஆண்பிள்ளைக் கோட்டுடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவள். சோளத்தையும் சேற்றையும் தவிர வேறெதுவும் விளையாத சமவெளிக்காரி. இந்த ஊருக்கு வந்து பீர் கேட்ட முதல் பெண்மணி என்ற பெருமை காலையிலேயே அவளுக்குக் கிடைத்திருந்தது.

அவள் எழுந்து சித்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆறாவது பீப்பாயைக் கடைசியாகத் திறந்தது எப்போது?  சித்தியின் கை மாவில் அப்படியே நின்றுவிட்டது.

"வா, கெதெயோன். இவங்க பேச மாட்டாங்க. பீப்பாயைக் கேப்போம்."

"பீப்பாய்க்காவது எங்க குடும்பத்துப் பிடிவாதம் இல்லாம இருக்கணும், மேடம்."

நிலவறை வாசலில் லோராந்த் காத்திருந்தார். எழுபத்தைந்து வயதிலும் கழுத்தில் டை. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை என்று அவர் பாக்டியிடம் சொல்லியிருந்தார். எத்தெல்கா செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் கெதெயோனுக்கு ஆறவில்லை. பெரியவர் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

முப்பத்திரண்டு படி. சுவரெங்கும் கறுப்புப் பூஞ்சணம் கம்பளி போல் தொங்கியது. படியடியில் முதல் பீப்பாய், அதையடுத்து வரிசையாக மற்றவை, கோடியில் ஆறாவது. லோராந்த் முதல் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். போர்பாலா நேரே கோடிக்குப் போய், அடைப்பை எடுத்து, மூக்கை வைத்தாள்.

"மோந்து பாரு."

கெதெயோன் குனிந்து, முகத்தைச் சுளித்தான். "கந்தகம். நரகத்துச் சமையல்கட்டு இப்படித்தான் நாறும்னு எங்க பாதிரியார் சொல்லுவாரு."

"ஒயின் பீப்பாய்ல கந்தகத்துக்கு என்ன வேலை?"

இதுகூடத் தெரியாதா என்று அவன் விளக்கினான். பீப்பாய் காலியானால் உள்ளே புளிப்பேறி மரம் கெட்டுவிடும், காடி நாற்றம் தெருவரைக்கும் வரும். அதனால் கந்தகப் பட்டை ஒன்றைக் கொளுத்திக் கம்பியில் கோத்து உள்ளே தொங்கவிட்டு மூடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஒன்றிரண்டு தடவை விட்டுப்போனால்கூடப் பீப்பாய் வீண்தான்.

"அப்ப உங்க ஊர்த் திருடன் தங்கமானவன். ஒயினைத் திருடிட்டு, பீப்பாய் கெட்டுப் போயிடக் கூடாதேன்னு கந்தகம் கொளுத்தி மூடி வெச்சுட்டுப் போயிருக்கான்."

கெதெயோன் சிரிக்க வாயெடுத்து, பாதியில் நிறுத்தினான். போர்பாலா டார்ச்சை ஓட்டைக்குள் சாய்த்துப் பிடித்து அவனைப் பார்க்கச் சொன்னாள். அடியில் சாம்பல். ஒரு தடவை கொளுத்திய சாம்பல் இல்லை அது. மேலே சாம்பல் நிறம், அதன் கீழே பழுப்பு, அதற்கும் கீழே கல்லாக இறுகிய கறுப்பு. ஓரத்தில் துருப்பிடித்த கம்பித் துண்டுகள் ஒரு கைப்பிடி கிடந்தன.

"போன வாரத்து வேலை இல்ல இது. போன வருஷத்து வேலையும் இல்ல."

 கந்தகம் கொளுத்துவது நிலவறையைப் பராமரிக்கிறவர் வேலை. இந்த நிலவறையில் அந்த வேலையைச் செய்ய ஒருத்திதான் உண்டு. அப்படியானால் சித்திக்குத் தெரியும். வருஷக்கணக்காகத் தெரியும். அவளைக் காப்பாற்ற என்று கூட்டிக்கொண்டு வந்தவளே இப்போது அவள் கழுத்துக்குக் கயிற்றைத் திரித்துக்கொண்டிருக்கிறாள்.

"மேடம்," என்றான் குரலைத் தாழ்த்தி. "இதை பாக்டிகிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லாம, உங்க சித்தி கைப்பக்குவத்தைப் பத்திச் சொல்லவா?"

அவள் டார்ச்சை அணைக்கவில்லை. வெளிச்சம் ஆறாவது பீப்பாயின் இரும்பு வளையங்களில் ஊர்ந்தது. காலிப் பீப்பாயின் பலகை காய்ந்து சுருங்கும். வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வளையம் முன்பு இருந்த இடங்களில் துருக்கோடு விழுந்திருந்தது, ஒன்றன் கீழ் ஒன்றாக. போர்பாலா அதை விரலால் தடவிவிட்டு, ஐந்தாவது பீப்பாய்க்கு நகர்ந்தாள். அங்கே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நாலாவது.

படிப் பக்கம் லோராந்த் தொண்டையைச் செருமி, பார்த்தது போதும், மேலே போகலாம் என்றார்.

"மூணாவதுல ஒரு வாய் குடுங்களேன், ஐயா. இவ்வளவு தூரம் வந்துட்டேன்."

தூங்குகிற ஒயினை எழுப்பக் கூடாது என்றார் அவர். அப்படியானால் இரண்டாவதில் என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வருகிறவர்களுக்கு எப்போதும் முதல் பீப்பாயிலிருந்துதான் ஊற்றுவீர்களா என்று கேட்டாள். அது எங்கள் வழக்கம் என்றார். அவர் குரலில் அதிகாரம் இருந்தது, ஆனால் கை முதல் பீப்பாயின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது.

போர்பாலா விரல்களை மடக்கி, ஐந்தாவது பீப்பாயை நோக்கிக் கையை ஓங்கினாள்.

கெதெயோன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஆறு வருஷத்தில் முதலாளியம்மாவை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம், மேடம். இங்க யாரும் பீப்பாயைத் தட்ட மாட்டாங்க."

"ஏன், முழிச்சுக்குமா?"

அவன் மூச்சுவிடாமல் சொன்னான். பீப்பாயைத் தட்டினால் சத்தத்திலேயே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்தவன் நிலவறையில் அதைச் செய்வது அவன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். தட்டினவனை அதே பீப்பாயின் மேல் குப்புறப் போட்டுக் கட்டையால் மூன்று அடி போடுவார்கள், மந்திரியாக இருந்தாலும். இந்த ஊரில் சண்டை உண்டு, வெட்டுக்குத்து உண்டு, ஒருத்தன் பெண்டாட்டியோடு இன்னொருத்தன் ஓடியதும் உண்டு. பீப்பாயைத் தட்டினவன் கிடையாது.

"யாருமே தட்டினதில்லையா? ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட."

"அதைத்தான் நான் கேக்க நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு அவள் அவன் பிடியை விலக்கினாள். தட்டினாள்.

டொங்.

நிலவறை முழுக்க அந்த ஓசை போய்த் திரும்பி வந்தது. கெதெயோன் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் கேட்டறியாத சத்தம், ஆனாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது காலி. அவள் நாலாவதைத் தட்டினாள். டொங். மூன்றாவது. டொங். இரண்டாவதைத் தட்டும்போது லோராந்த் கண்களை மூடிக்கொண்டார். அதுவும் காலிதான். முதல் பீப்பாய் மட்டும் ஈரத் துணி மேல் குத்தியதுபோல் மந்தமாக ஒலித்தது.

புது ஒயினை ருசி பார்க்கும் ஒவ்வொரு மார்டின் திருநாளுக்கும் ஊரே படியிறங்கி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐந்து காலிப் பீப்பாய்களின் முன்னால் பயபக்தியோடு நின்றுவிட்டுப் போயிருக்கிறது. கெதெயோனும் நின்றிருக்கிறான்.

"யாரு தட்டினது?"

படியில் சித்தி நின்றிருந்தாள். முழங்கைவரைக்கும் மாவு. அவள் முகத்தைப் பார்த்ததும் கெதெயோனுக்குப் பயமாகிவிட்டது. தப்பித்தோம் என்ற நிம்மதி அதில் கொஞ்சமும் இல்லை.

லோராந்த் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டையைத் தளர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார். எழுபத்தேழில் மனைவி க்ளெமென்தினாவுக்கு நோய் கண்டது. அதற்கான மருந்து அப்போது நாட்டில் கிடைக்கவில்லை, வியன்னாவில்தான் கிடைத்தது. எல்லை தாண்டிப் போய்வரும் லாரி டிரைவர் ஒருவன் ஒரு வருஷத்து மருந்துக்கு ஒரு பீப்பாய் அசூ கேட்டான். ஐந்து வருஷம், ஐந்து பீப்பாய். எத்தெல்காவும் அவள் புருஷனும் ஜாடிகளில் மாற்றிச் சுமந்து கொடுத்தார்கள். பீப்பாய்களை இடம் மாற்றவில்லை. க்ளெமென்தினா அவ்வப்போது கீழே வந்து பார்ப்பாள். மருந்து அரசாங்கம் கொடுப்பது என்று அவளிடம் சொல்லியிருந்தது.

"தெரிஞ்சிருந்தா அவ ஒரு மாத்திரைகூட முழுங்கியிருக்க மாட்டா," என்றார் லோராந்த்.

"அவங்க போய்ச் சேர்ந்தாச்சு. அதுக்கப்புறமும் ஏன் மறைச்சீங்க?" என்று போர்பாலா கேட்டாள்.

 ஊர் தொப்பியைக் கழற்றியது, தானும் தடுக்கவில்லை என்றார். அவ்வளவுதான் காரணம். செவ்வாய்க்கிழமை அந்த வெளிநாட்டுக்காரன் முன்னால் வாய் தானாகத் திருட்டு என்று சொல்லிவிட்டது, அதைத் திரும்ப விழுங்கும் தைரியம் வரவில்லை.

"உங்க மானத்துக்கு எங்க சித்தி ஜெயிலுக்குப் போகணுமா?" என்று கெதெயோன் கேட்டான். அவன் குரலில் கேலி துளியும் இல்லை.

லோராந்த் எழுந்தார். பாக்டி வந்ததும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்வாராம். இரண்டு படி ஏறிவிட்டு, போர்பாலாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் இன்னும் ஒரு துளி பெருமை மிச்சம் இருந்தது.

"முதல் பீப்பாயையும் குடுத்திருப்பேம்மா. சத்தியமா குடுத்திருப்பேன். ஆறாவது வருஷம் அவளே வந்து, எனக்கு உடம்பு தேறிடுச்சு, இனிமே மருந்து வேண்டாம்னு சொன்னா. நல்லாத்தான் இருந்தா. அடுத்த ஏப்ரல்ல திடீர்னு போயிட்டா."

காலடி ஓசை மேலே போய் மறைந்தது. போர்பாலா அவர் பின்னால் போகவில்லை. அவள் பார்வை சித்தியின் மேல் இருந்தது. சித்தி முதல் பீப்பாயின் மேல் மாவுக் கையை ஊன்றியிருந்தாள்.

"இந்தப் பீப்பாய்களை ஒருத்தர்கூடத் தட்டினதில்லன்னு இவன் சொன்னான்," என்றாள் போர்பாலா. "சரியா ஒரு பீப்பாய் மிச்சம் இருக்கறப்ப அந்தம்மாவுக்கு உடம்பு தேறியிருக்கு. இவன் சொன்னது பொய்தானே?"

 சித்தி படியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த வருஷம் அறுப்பு சமயம். ஐயா தோட்டத்துல இருந்தாரு. அம்மா என் தோளைப் புடிச்சுக்கிட்டுப் படியெறங்கி வந்தாங்க. கோடியிலேருந்து ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டே வந்தாங்க. நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது? இதுகிட்ட வந்து தட்டினப்ப நெறைஞ்ச சத்தம் வந்துச்சு. கையை அது மேலேயே வெச்சுக்கிட்டு நின்னாங்க. இது போகக் கூடாது எத்தெல்கான்னாங்க. உடம்பு தேறிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லப் போறேன், நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னாங்க."

கெதெயோன் முதல் பீப்பாயைப் பார்த்தான். பார்க்கவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பவும் முடியவில்லை.

"பாக்டி விசாரிக்க ஆரம்பிச்சா எந்தப் பீப்பாய் எந்த வருஷம் போச்சுன்னு கேப்பான். இது மட்டும் ஏன் நின்னுச்சுன்னு கேப்பான். ஐயா யோசிக்க ஆரம்பிச்சுடுவாரு." சித்தி மாவை உதறினாள். "ஜெயில்னா சோறாவது போடுவாங்கடா. இது தெரிஞ்சா அந்த மனுஷன் ஒரு கவளம் சாப்பிட மாட்டாரு."

போர்பாலா குறிப்பெடுக்க வைத்திருந்த நோட்டை மூடிக் கோட்டுக்குள் வைத்தாள். அவளுக்கு இனி எழுத ஒன்றும் இல்லை.  கெதெயோன் சித்தியைக் காப்பாற்றிவிட்டான், பதினோரு வருஷமாக அவள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாளோ அதை மயிரிழையில் உடைக்கப் பார்த்திருக்கிறான்.

மேலே ஜீப் வந்து நின்றது. பேச்சுக் குரல்கள் கேட்டன, பெரியவரின் குரல்தான் அதிகம். கால் மணி கழித்து அவர் படியிறங்கி வந்தார். பின்னால் பாக்டி, தொப்பி கையில். பெரியவரின் கையில் ஐந்து கிளாஸ். கண் சிவந்திருந்தது, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது, வருஷக்கணக்கில் சுமந்ததை இறக்கிவிட்டவரின் நடை.

அவர் முதல் பீப்பாயின் அடைப்பை எடுத்து, குழலை விட்டு உறிஞ்சினார். டார்ச் வெளிச்சத்தில் ஒயின் தேன் நிறத்தில் ஏறியது. விரற்கடை அளவு இல்லை, கிளாஸ் நிறைய ஊற்றினார். முதல் கிளாஸை எத்தெல்காவிடம் நீட்டினார்.

"என்னை மன்னிச்சுடு, எத்தெல்கா. ஊர் முன்னால கேட்டுட்டேன், உன் முன்னாலயும் கேக்கறேன். குடி. க்ளெமென்தினா உடம்பு தேறி எனக்குன்னு மிச்சம் வெச்சுட்டுப் போனது இது. உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்?"

சித்தி கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினாள். கெதெயோன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தாமல் குடித்தாள், கடைசிச் சொட்டுவரைக்கும். குடித்துவிட்டுப் பெரியவரின் கண்ணைப் பார்த்தாள்.

"நல்ல இனிப்பா இருக்குங்க, ஐயா."

லோராந்தின் முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார். சித்தி கிளாஸை நீட்டினாள்.